தாலுகா ஆபீஸில் எழுதி வாங்கிய அமைதி ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்துமா?

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரும் தாலுகா பெயரும் வேண்டாம். நாங்கள் பட்டியல் சாதி. எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு ஆடியில் கொடை நடக்கும். சில வருடங்களுக்கு முன்னால் முளைப்பாரியும் சப்பரமும் ஆதிக்க சாதிக்காரர்கள் இருக்கிற மேலத்தெரு வழியாகப் போனபோது கல் எறிந்தார்கள், பெண்களுக்கு அடிபட்டது, இரண்டு பக்கமும் கேஸ் போட்டார்கள். அடுத்த கொடைக்குக் கால் நாட்டியிருந்த நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அமைதிக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். எங்கள் அப்பாவும் தெருப் பெரியவர்கள் சிலரும் போனார்கள். கையெழுத்துப் போட்டால்தான் கொடைக்கு அனுமதி, இல்லையென்றால் மைக் செட் கூடக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள், போட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தக் காகிதத்தில் சப்பரம் பஸ் ஸ்டாப்போடு திரும்பிவிட வேண்டும், மேலத்தெருவுக்குள் மேளம் வரக்கூடாது என்று இருக்கிறது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கொடைக்குச் சம்பந்தமே இல்லாமல் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: இறந்தவர்களை வாய்க்கால் கரை வழியாகத்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். மேலத்தெரு வழியாகப் போனால் தார் ரோடு, சுடுகாட்டு வாசல் வரை நல்ல பாதை. வாய்க்கால் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் வரை சகதி, இரண்டு பேர் சேர்ந்து நடக்கக்கூட இடம் கிடையாது. போன மழையில் எங்கள் ஆச்சியைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் பாடை பிடித்திருந்த என் சித்தப்பா வழுக்கி விழுந்து, பாடை ஒரு பக்கம் சரிந்து, பக்கத்து வயலில் இறங்கி நிமிர்த்தித்தான் கொண்டுபோனோம். செத்த பிறகும் ஒரு மனுஷிக்கு ரோடு கிடையாது என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்தக் காகிதம் சட்டமா? அதை மீறிப் போனால் எங்கள் மேல் கேஸ் வருமா? தெருவில் பெரியவர்கள், இத்தனை வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கு, படிச்ச பிள்ளைகள் கெடுத்துடாதீங்க என்கிறார்கள். அவர்கள் பயமும் எனக்குப் புரிகிறது. அப்பா கையெழுத்துப் போட்டவர் என்பதால் வீட்டிலேயே இதைப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது.

கருப்புக்கோட்டு எழுதியது:

தங்கச்சி, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் கையெழுத்தால் எந்த உரிமையும் போய்விடவில்லை. நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீல், அதனால் சட்டத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. 1958-ல் பஷேஷர் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அது சாதி வழக்கு இல்லை, வருமான வரி வழக்கு. அந்த மனிதர் துறையோடு ஒரு சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டு, தவணை தவணையாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த நடைமுறையே சமத்துவத்துக்கு எதிரானது என்று தெரிந்ததும் கோர்ட்டுக்குப் போனார். நீதான் கையெழுத்துப் போட்டாயே, உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று அரசு வாதாடியது. செல்லாது என்றது நீதிமன்றம். சமத்துவம் என்பது ஒரு ஆளுக்குக் கொடுத்த சலுகை இல்லை, அரசுக்குப் போட்ட கட்டளை, அதை ஒரு ஆள் கையெழுத்தால் தளர்த்த முடியாது. வரிப்பணத்துக்கே இப்படி என்றால் ஊர் ரோட்டில் நடக்கிற உரிமைக்குக் கேட்கவே வேண்டாம்.

அமைதிக் கூட்டத்தைப் பற்றியே நேரடியாக ஒரு தீர்ப்பு உண்டு. 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு வந்தபோது நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னால் உட்கார வைத்து எழுதி வாங்கியது ஞாபகம் இருக்கும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. ஒரு பக்கம் கூட்டம் கூடி மிரட்ட, மறுபக்கம் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து போடுகிற கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

இனி உங்கள் ரோடு. அரசியல் சட்டம் 15(2) ரோடு, கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்கிறது. 17 தீண்டாமையை ஒழிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது, 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன் 3(1)(za) பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். பொதுப்பாதை, சுடுகாடு, ஊர்வலம் மூன்றும் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. பட்டியல் சாதியினர் சமய ஊர்வலம் எடுப்பதைத் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஆகவே அந்தக் காகிதத்தை மீறுவது குற்றம் இல்லை, அந்தக் காகிதத்தைக் காட்டி உங்களைத் தடுப்பதுதான் குற்றம்.

பழைய ரெவின்யூ எழுதியது:

அம்மா, நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் காகிதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

கொடை நெருங்கும்போது இன்ஸ்பெக்டர், பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை என்று ஒரு அறிக்கை அனுப்புவார். மேலே இருந்து, எந்தப் பிரச்சினையும் வராமல் பார்த்துக்கொள் என்று வாய்மொழியாகத்தான் உத்தரவு வரும். இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். யாரை வழிக்குக் கொண்டுவருவது சுலபம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கல் எறிந்தவன் கத்துவான், அடிபட்டவன் அனுமதி கேட்டு நிற்பான். அனுமதி கேட்டு நிற்கிறவன் கழுத்தில்தான் பேனாவை வைப்பார்கள். கலவரம் வராமல் தடுத்தாயிற்று என்று ஃபைலை மூடிவிடுவார்கள், அடுத்து வருகிற அதிகாரி பழைய காகிதத்தை எடுத்து, போன வருஷம் போலவே என்று ஒரு வரி எழுதுவார். இப்படியே அது ஊர் வழக்கம் ஆகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். சட்டப்படி ஒரு தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ அமைதிக்காகச் செய்யக்கூடியது என்ன? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144, இப்போது 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 163, அதன்படி தடை உத்தரவு போடலாம். அதன் ஆயுள் இரண்டு மாதம், அரசே நீட்டித்தாலும் மேற்கொண்டு ஆறு மாதம்தான். இல்லையென்றால் பழைய 107, இப்போது 126, ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கலாம். அதுவும் அதிகபட்சம் ஒரு வருடம். எந்தச் சட்டத்திலும் ஒரு தெருவை ஒரு சாதிக்கு நிரந்தரமாக மூடி வைக்க அதிகாரம் இல்லை. உங்கள் காகிதம் இதில் எந்த வகை என்று கேட்டாலே அந்த ஆபீஸில் பதில் இருக்காது. சுடுகாட்டு வரியைப் பற்றிச் சொன்னீர்களே, அது அன்றைக்கு மேலத்தெருக்காரர் யாரோ கேட்டு, கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று சேர்த்ததாகத்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் பெரியவர்கள் பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவர்கள் பழைய கலவரங்களைப் பார்த்தவர்கள். முன்னேற்பாடு இல்லாமல் இளவட்டங்கள் திடீரென்று சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அடி விழுவது உங்கள் பக்கம்தான், கேஸும் உங்கள் பக்கம்தான் முதலில் வரும்.

பாளை மார்க்கெட் எழுதியது:

நான் சொல்லவேண்டும் என்று நினைத்ததை அண்ணாச்சி பாதி சொல்லிவிட்டார். நம் சீமையில் இந்த நோய் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு ஊர் தேட வேண்டாம், பாளையங்கோட்டை மத்திய சிறையைப் பாருங்கள். சாதி வாரியாகத் தனித்தனி பிளாக்கில் கைதிகளை அடைத்து வைக்கிறார்கள் என்று 2012-ல் மதுரைக் கிளையில் ஒரு வழக்குப் போட்டார்கள். அரசுத் தரப்பு அதை மறுக்கவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதிச் சண்டை சகஜம், மோதல் வராமல் இருக்கத்தான் தனித்தனியாக வைக்கிறோம் என்று பதில் சொன்னது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்துவிட்டது. அரசாங்கமே நடத்துகிற ஒரு கட்டடத்துக்குள், நாலு சுவருக்குள், காவலர்கள் நிற்கிற இடத்தில், அங்கேயே சேர்த்து வைக்க முடியாது என்றால் வெளியே யார் சேர்த்து வைப்பது? எனக்கு அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா பல மாநிலச் சிறைகளை ஆராய்ந்து எழுதி, உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடர்ந்தார். இந்தச் சாதிக்காரன் சமையல், இந்தச் சாதிக்காரன் கூட்டிப் பெருக்கணும் என்று வெள்ளைக்காரன் காலத்துப் புத்தியில் எழுதிய விதிகளைச் சுதந்திரம் வந்து எழுபது வருடம் தாண்டியும் வைத்திருந்தார்கள். 2024 அக்டோபர் 3-ம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு அத்தனையையும் ரத்து செய்தது. கைதிகள் பதிவேட்டில் சாதிப் பத்தியையே எடுக்கச் சொன்னது, மூன்று மாதத்தில் சிறை விதிகளைத் திருத்தச் சொன்னது. பாளையங்கோட்டை விஷயமும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. மோதலைத் தவிர்க்கப் பிரிக்கிறோம் என்ற வாதத்தை ஏற்க முடியாது, பிரித்து வைக்காமல் ஒழுங்கைக் காப்பாற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் தாலுகா ஆபீஸ் சொல்வதும் அதே வாதம்தான் தங்கச்சி. சண்டை வரும், அதனால் நீ ஒதுங்கு. கல் எறிகிறவனுக்கு ரோட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதற்கு அமைதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தையே தள்ளிவிட்டது என்பதை மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

கருப்புக்கோட்டு எழுதியது:

பாளை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1981-ல் குலாம் அப்பாஸ் வழக்கில், 144 போடுகிற அதிகாரத்தைச் சட்டப்படியான உரிமை உள்ளவனுக்குப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வேண்டும், உரிமையை அமுக்குவதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷம் அமைதியாக இருக்கே என்கிறவர்களுக்கு உத்தபுரத்தைச் சொல்லுங்கள். மதுரை மாவட்டம். 1989 கலவரத்துக்குப் பிறகு பெரியவர்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள், சுவர் எழும்பியது. கிட்டத்தட்ட இருபது வருடம் அந்தச் சுவரைச் சுற்றித்தான் ஜனங்கள் நடந்தார்கள். 2008 மே மாதம் போராட்டத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. அந்த இருபது வருடத்தையும் அமைதிக் காலம் என்று சொன்னால் அது யாருடைய அமைதி?

மேலூர்ப்பையன் எழுதியது:

நான் இதே மாவட்டத்தில் இன்னொரு ஊர், மேலத்தெருக்காரன், தடுக்கிற சாதியில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். தெருவில் இருக்கிற எல்லாரும் உங்கள் சப்பரத்தைத் தடுக்க நிற்பதில்லை. தடுப்பது ஒரு சிலர், அவர்களுக்குப் பின்னால் ஊர் வரியை வைத்துக்கொண்டு ஒருத்தர் இருப்பார். மற்றவர்கள் வாயைத் திறந்தால் அவர்களுக்கு நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் நல்லவர்களும் சும்மா இருக்கிறார்கள், அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2023-ல் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையனை வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்களே, வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பையன்கள்தான். நீதிபதி சந்துரு குழு போட்டு, 2024-ல் அறிக்கை கொடுத்தார்கள், சாதி அடையாளமாகக் கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். பையன்களுக்கு அந்தக் கயிற்றை யார் கட்டிவிட்டது? இந்தத் தெரு நம்முடையது, அவன் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நாம்தான். அரசாங்க முத்திரை வைத்த காகிதமே அதைச் சொன்னால் பதினைந்து வயதுப் பையன் அதை நம்பத்தானே செய்வான்? அந்தக் காகிதத்தைக் கிழிப்பது உங்கள் தெருவுக்கு மட்டும் தேவை இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கும் தேவை.

உங்கள் ஊர் மேலத்தெருவிலும் வாத்தியார், நர்ஸ், வெளியூரில் வேலை பார்க்கிறவர் என்று யாராவது இரண்டு பேர் கிடைப்பார்கள். அமைதிக் கூட்டத்தில் அவர்கள் வந்து, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் போதும், ஊரே எதிர்க்கிறது என்ற பேச்சு அங்கேயே செத்துவிடும்.

முக்கூடல் செல்வி எழுதியது:

எல்லாரும் சட்டம் சொல்லிவிட்டார்கள், நான் வயிற்றுப்பாட்டைச் சொல்கிறேன். எங்கள் தெருவும் இதே மாதிரி ஒரு விஷயத்துக்கு நிமிர்ந்து நின்ற தெருதான். மறுநாளே வாழைத்தோட்டத்தில் வேலை இல்லை என்றார்கள், பால் வாங்க மாட்டேன் என்றார்கள், மளிகைக் கடையில் கடன் நின்றுபோனது. பீடி சுற்றுகிற பெண்களுக்கு இலையும் தூளும் கொடுக்கிற கடை அந்தத் தெருவில் இருந்தது, அங்கே போகவே பயந்தோம். இதற்கு முன்கூட்டியே தயாராகாமல் இறங்காதீர்கள். ஆண்கள் சப்பரத்தைப் பற்றிப் பேசுவார்கள், அடுப்பு எரியவேண்டியது நம் கையில்தான் இருக்கும்.

நாங்கள் செய்தது, வேலை மறுத்தது, பொருள் தர மறுத்தது ஒவ்வொன்றையும் தேதி, நேரம், யார் சொன்னது, யார் கேட்டது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். சமூகப் புறக்கணிப்பும் வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நோட்டு இருந்ததால்தான் டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தபோது வாயடைத்து நிற்காமல் பேச முடிந்தது. உங்கள் தெருப் பெண்களை முதலில் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள், அப்புறம் பெரியவர்கள் தானாக வருவார்கள்.

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, எங்கள் தெருவிலும் முக்கால்வாசிப் பேர் பீடிதான், இலை கொடுக்கிற கடை மேலத்தெருவில் இல்லை, பஸ் ஸ்டாப் பக்கம்தான், அது ஒரு நிம்மதி. பஷேஷர் நாத் வழக்கை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, அப்போ அந்த சுடுகாட்டு வரியை முதல்ல எடுக்கச் சொல்லு, கொடை அடுத்த வருஷம்கூட பார்த்துக்கலாம், செத்தவங்களை இனியும் சகதியில தூக்க முடியாது என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சப்பரத்தை முன்னால் வைத்தால் கலவரம் என்று பேசுவார்கள், பிணம் போகிற பாதைக்கு யார் என்ன சொல்ல முடியும்?

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மட்டும் சொல்லுங்கள். கையில் அந்தக் காகிதத்தின் நகல்கூட இல்லை, செல்போனில் மங்கலாக எடுத்த ஒரு படம்தான் இருக்கிறது.

கருப்புக்கோட்டு எழுதியது:

அப்பா சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார். நகலில் இருந்து ஆரம்பியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்தக் கூட்ட நடவடிக்கைகளின் சான்றிட்ட நகல், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி நடத்தப்பட்டது, அதன் காலக்கெடு என்ன, இவ்வளவும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பஞ்சாயத்திலும் தனியாக ஒரு மனுப் போட்டு அந்த ரோடு பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று வாங்குங்கள், பஞ்சாயத்து ரோடு என்று தாளில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அதே நேரத்தில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். தெருப் பெண்கள் கையெழுத்து நிறைய இருக்கட்டும். பதில் இல்லை, அல்லது மறுத்து எழுதினார்கள் என்றால் மதுரைக் கிளையில் ரிட் மனு. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இதற்கிடையில் யாராவது இறந்து, பாதையை மறித்தார்கள் என்றால் உடனே வன்கொடுமைப் புகாருக்கான உதவி எண் 14566-க்குக் கூப்பிடுங்கள், ஸ்டேஷனில் புகாரை எழுத்தில் கொடுங்கள். வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போட முதல் கட்ட விசாரணை தேவை இல்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது, விசாரித்துவிட்டுப் பார்க்கிறோம் என்று சொன்னால் அந்த 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். அப்படியும் வாங்கவில்லை என்றால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்.

மனுவை எழுதிவிட்டு, ஊர்ப் பெயரை மறைத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

பழைய ரெவின்யூ எழுதியது:

கலெக்டர் மனுவில் மழைக்கால வாய்க்கால் கரைப் படங்களையும் சேருங்கள், தேதி தெரிகிற மாதிரி. தகவல் மனுவில் அந்த வருடத்துக்கு முந்தைய சவ ஊர்வலங்கள் எந்த வழியாகப் போயின என்று வி.ஏ.ஓ. அறிக்கை ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஆட்சேபம் வரும்போது, வழக்கமே அதுதான் என்பார்கள். முன்னால் தார் ரோட்டில்தான் போனோம் என்று அவர்கள் ஃபைலிலேயே இருந்தால் அதற்கு மேல் பேச்சு எழாது.